சோப்புத் தண்ணீருக்கு மசியாத வழுக்கல்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வில்லியனூர் சாலையில் கார் கழுவிப் பாலிஷ் போடும் கடை நடத்துகிறோம். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் ஸ்பிரே அடிக்கும் இடத்தில் டைல்ஸ் தரை பாசி பிடித்த படிக்கட்டுபோல் வழுக்குகிறது. சோப்புத்தூள், ஃபினாயில் எல்லாம் போட்டுத் துடைத்துப் பார்த்தோம். இப்போது அலுவலக அறை வாசல்வரை வழுக்குகிறது. போன வாரம் ஒரு பையன் விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: முதலில் அந்தப் பையனுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், சகோதரி. கடலூர் முதுநகரில் நான் வேலை பார்த்த பட்டறையில், பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போன உதவியாளர் இப்படித்தான் வழுக்கி விழுந்தார். சுளுக்குதான் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். மணிக்கட்டு எலும்பில் விரிசல் இருந்தது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. நீவிவிட்டவன் நான். இன்றும் அது மனத்தை உறுத்துகிறது.

டயர் பாலிஷில் பளபளப்பைக் கொடுப்பது பெரும்பாலும் சிலிகான் எண்ணெய். அது தண்ணீரில் கரையாது, சாதாரணச் சோப்புக்கும் எளிதில் மசியாது. ஸ்பிரே அடிக்கும்போது டயரில் ஒட்டாத தூவல் தரையில் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. நீங்கள் துடைத்தபோது அந்தப் படலம் மாப்பில் ஏறி அலுவலக வாசலுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாப்பைத் துவைத்து வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள், கழித்துவிடுங்கள்.

தரை நன்றாகக் காய்ந்திருக்கும்போது மர அறுவை மில்லில் கிடைக்கும் மரத்தூளைத் தூவி, துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். பிறகு பெயின்ட் கடையில் விற்கும் டர்பென்டைனைப் பனியன் வேஸ்ட்டில் கொஞ்சமாக நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். ஒருமுறை துடைத்த பக்கம் மறுபடி தரையில் படக்கூடாது. நான் துணியை நான்காக மடித்துக்கொள்வேன். எட்டுப் பக்கமும் தீர்ந்ததும் அதைப் போட்டுவிட்டு அடுத்த துணி. துணிக்குக் கணக்குப் பார்த்தால் வேலை நடக்காது. கையுறை வேண்டும், ஷட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் வெல்டிங்கோ பீடி நெருப்போ கூடவே கூடாது.

அதன் பின்புதான் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கைப்பிடி சலவை சோடா கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, முரட்டு பிரஷால் தேய்த்து, இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள்.

போய்விட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தரை காய்ந்ததும் ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாகத் திரண்டால் சிலிகான் இன்னும் இருக்கிறது. மெல்லிய ஏடாகப் பரவினால் தரை சுத்தம். முதல் நாளிலேயே பரவாது. எங்களுக்கு மூன்று முறை பிடித்தது.

இனிமேல் டயர்மேல் நேராக ஸ்பிரே அடிக்க வேண்டாம். ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவச் சொல்லுங்கள். தூவல் இல்லையென்றால் தரையில் படிய ஒன்றும் இருக்காது.

கேள்வி: பக்கத்துக் கொட்டகையில் டிங்கரிங், பெயின்ட் வேலை நடக்கிறது. புதுப் பெயின்டில் குட்டிக் குட்டியாகக் குழி விழுகிறது. இதற்கும் அந்த ஸ்பிரேதான் காரணமா?
- அதே வாசகி

பதில்: பெரும்பாலும் ஆமாம். சிலிகான் துளி பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன் கண் போலக் குழி விழும். பாலிஷ் வேலையைக் கொட்டகையை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள்.

கேள்வி: துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். சிமென்ட் தரை முழுக்க டீசலும் ஆயிலும் ஊறியிருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா, ஆசிட் ஊற்றலாமா?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: இரண்டுமே வேண்டாம், தம்பி. மண்ணெண்ணெய் ஆயிலை நீர்க்கச் செய்து சிமென்டுக்குள் இன்னும் ஆழமாக இறக்கிவிடும். ஆசிட் எண்ணெயைக் கரைக்காது, சிமென்டைத்தான் அரிக்கும். ஸ்பேனர்களும் துருப்பிடித்துப் போகும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிரையே வாங்கிவிடும்.

கட்டியான பிசுக்கைச் சுரண்டி எடுங்கள். மரத்தூளையோ உலர்ந்த சிமென்ட் தூளையோ விரல் கனத்துக்குப் பரப்பிக் காலால் மிதித்து, இரவு முழுக்க விட்டுக் காலையில் வாரிவிடுங்கள். தூள் கறுக்காமல் வரும்வரை செய்துவிட்டு, பிறகு மேலே சொன்ன சோடா வெந்நீர். கறை கொஞ்சம் நிற்கும், வழுக்கல் போய்விடும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆயில் தரையில் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் நிற்கவே முடியாது.

வாரிய தூளையும் துணியையும் மூலையில் குவிக்க வேண்டாம், ஆற்றிலும் கொட்ட வேண்டாம். மூடி போட்ட இரும்பு டிரம்மில் போட்டுக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள். இரவு பூட்டும்போது மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள்.