ஏதென்ஸ் நமக்குக் கொடுத்தது தேர்தலையா?

கேள்வி: மக்களாட்சியின் தாயகம் கிரேக்கம் என்று பள்ளியிலிருந்தே படித்து வருகிறோம். தேர்தல் முறையை உலகுக்குத் தந்தவர்கள் அவர்கள்தான் என்கிறார்கள். ஆனால் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அடிமைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரை இன்னும் ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும்? அந்தப் பாடத்தையே நீக்கிவிட்டால் என்ன? (கல்லூரி மாணவி ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு பாதி சரி, இன்னொரு பாதி தவறு. சரியான பாதியை முதலில் பேசிவிடுவோம்.

கிரேக்க நகரமான ஏதென்ஸின் மக்கள் பேரவையில் கை தூக்கும் உரிமை வயது வந்த ஆண் குடிமக்களுக்கு மட்டும்தான் இருந்தது. கி.மு. 451-ல் ஏதென்ஸின் பெரிய தலைவரான பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டம் அந்த வட்டத்தை இன்னும் சுருக்கியது: தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வெளியூரிலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கேயே தொழில் செய்தவர்கள் வரி கட்டினார்கள், படையிலும் சேர்ந்தார்கள்; பேரவையில் அவர்களுக்கு இடமில்லை. ஊருக்குத் தெற்கே லாரியம் என்ற இடத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. நிமிர்ந்து நிற்க முடியாத பொந்துகளுக்குள் விளக்கு வெளிச்சத்தில் தவழ்ந்து கல் உடைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். கி.மு. 483 வாக்கில் அங்கே கிடைத்த வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கு போடாமல் போர்க்கப்பல் கட்டச் சொன்னார் தெமிஸ்டாக்ளீஸ் என்ற அரசியல் தலைவர். அந்தக் கப்பல்கள்தான் கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களைத் தோற்கடித்தன. அவற்றில் துடுப்பு வலித்த ஏழைக் குடிமக்களின் குரலுக்கு அதன்பின் ஊரில் மதிப்பு கூடியது. ஆக, ஏழையின் உரிமைக்கு அடியில் அடிமையின் உழைப்பு கிடக்கிறது. "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லி இதைத் தள்ளிவிட நான் தயாரில்லை.

சரி, தவறான பாதிக்கு வருவோம். ஏதென்ஸ்காரர்கள் தேர்தலை நம்பியவர்கள் அல்லர். படைத்தலைமை போலத் தனித்திறமை வேண்டிய சில பதவிகளுக்குத்தான் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். தளபதிகள் பத்துப் பேர் ஆண்டுதோறும் அப்படி வந்தார்கள். மற்ற நூற்றுக்கணக்கான பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கல்தான். பேரவையில் எதை விவாதிப்பது என்று முடிவு செய்த ஐந்நூற்றுவர் மன்றமும் குலுக்கலில் வந்ததே. முப்பது வயதானவர்கள் அதில் சேரலாம். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. அந்த மன்றத்தின் தலைவர் பதவி ஒரே ஒரு பகலும் இரவும்தான். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அன்றைக்கு அவரிடம். மறுநாள் வேறொருவர். ஒருமுறை இருந்தவருக்கு அந்தப் பதவி மறுபடி கிடையாது. பணக்காரரும் பேச்சு வல்லவரும் பெயர் பெற்ற குடும்பத்தவரும்தான் தேர்தலில் ஜெயிப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். பதவிகளைக் குலுக்கலில் கொடுப்பது மக்களாட்சி, தேர்தலில் கொடுப்பது சிலராட்சி என்று கருதப்படுவதாக அரிஸ்டாட்டில் எழுதியே வைத்திருக்கிறார்.

குலுக்கலை எவ்வளவு அக்கறையோடு செய்தார்கள் என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஏதென்ஸ் நகரின் அகோரா அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த கற்பலகை இருக்கிறது. அதில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். ஒவ்வொரு குடிமகனும் தன் பெயரும் ஊரும் பொறித்த சிறு தகட்டைக் கொண்டுவருவார். அவை அந்தப் பிளவுகளில் செருகப்படும். பக்கத்தில் ஒரு குழாய். மேலே கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைக் கலந்து போட்டால் கீழே ஒவ்வொன்றாக விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையில் இருப்பவர்கள் அன்றைக்கு நீதிமன்றத்தில் உட்காருவார்கள். கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். எந்த வழக்குக்கு யார் உட்காருவார் என்று காலையில் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் யாருக்கு லஞ்சம் கொடுப்பது? அதோடு ஒரு வழக்குக்கு 201 பேர், 501 பேர் என்று நீதிபதிகள்.

அவர்கள் வாக்களித்த விதமும் அப்படித்தான். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வெண்கல வில்லைகள் இருக்கும். இரண்டிலும் நடுவில் ஒரு குச்சி. ஒன்றில் குச்சி துளையுள்ளது, மற்றதில் துளையில்லாதது. துளையுள்ளது வழக்குத் தொடுத்தவருக்கு, மற்றது எதிராளிக்கு. குச்சியின் இரு முனைகளையும் விரல்களால் மூடிக்கொண்டு பெட்டியில் போட்டால், எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. இந்த விவரங்கள் நமக்கு வந்து சேர்ந்ததே ஒரு பெரிய கதை. ஏதென்ஸின் ஆட்சிமுறையைப் பற்றி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூல் காணாமல் போய், எகிப்தில் ஒரு பண்ணைக் கணக்கு எழுதிய பாப்பிரஸின் (நாணல் தாளின்) மறுபக்கத்தில் கிடைத்து, 1891-ல்தான் அச்சேறியது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரியது கணக்குக் கேட்கும் வழக்கம். பதவிக்காலம் முடிந்ததும் ஒவ்வொருவரும் வரவு செலவை ஒப்படைக்க வேண்டும். கணக்கு முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது, உயில் எழுதக் கூடாது, கோயிலுக்குச் சொத்தை எழுதி வைக்கவும் கூடாது. எந்தக் குடிமகனும் எழுந்து குற்றம் சாட்டலாம். பெரிக்ளீஸுக்கே விலக்கு இல்லை. கி.மு. 430-ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கி அபராதம் போட்டார்கள். அப்புறம் அவர்களே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

இதனால் அவர்கள் தவறே செய்யவில்லை என்று பொருளில்லை. கி.மு. 427-ல் கலகம் செய்த மிட்டிலீன் நகரத்து ஆண்கள் அனைவரையும் கொல்லும்படி பேரவை வாக்களித்தது. உத்தரவோடு கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாளே மனம் உறுத்தி மறுபடி கூடி, சிறு வித்தியாசத்தில் முடிவை மாற்றினார்கள். இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பைப் பிடித்தபடியே தின்று, முறைபோட்டுத் தூங்கி, முதல் உத்தரவு படித்து முடிந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நகரம் தப்பியது. ஆனாலும் கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று பிடிக்கப்பட்டோரைக் கொன்றார்கள். கி.மு. 416-ல் மெலோஸ் தீவுக்கு அந்த இரண்டாவது கப்பலும் வரவில்லை. ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் விற்றார்கள். கி.மு. 399-ல் சாக்ரட்டீஸுக்கு மரண தண்டனை கொடுத்ததும் இதே குலுக்கல் நீதிமன்றம்தான்.

அப்படியானால் நம் தேர்தல் ஜனநாயகம் ஏதென்ஸிலிருந்து நேராக வந்ததா? இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக வாதாடியவர்கள் ஏதென்ஸைக் கண்டு பயந்தார்கள். ஒவ்வொரு ஏதென்ஸ் குடிமகனும் சாக்ரட்டீஸாகவே இருந்திருந்தாலும் அந்தப் பேரவை ஒரு கும்பலாகத்தான் இருந்திருக்கும் என்று 1788-ல் எழுதினார்கள். மக்கள் தாங்களே கூடி முடிவெடுப்பதைத் தடுத்து, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்துவதுதான் அவர்கள் நோக்கம். அந்த வடிவம்தான் உலகெங்கும் பரவியது. ஏதென்ஸின் பெயரை எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய குலுக்கலையும் குறுகிய பதவிக்காலத்தையும் பதவி முடிந்ததும் வரும் கணக்கு விசாரணையையும் விட்டுவிட்டோம். இழப்பு நம்முடையது.

அந்தக் குலுக்கல் செத்துப்போகவும் இல்லை. அயர்லாந்தில் 2016-ல் 99 பொதுமக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, கருக்கலைப்புச் சட்டம் பற்றி மாதக்கணக்கில் விவாதிக்கச் சொன்னார்கள். கட்சிகள் பல்லாண்டுகள் தொடப் பயந்த விஷயம் அது. மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் பாதிக்கப்பட்ட பெண்களையும் கேட்டுவிட்டு, சட்டத்தை மாற்றலாம் என்றார்கள் அந்தச் சாதாரண மனிதர்கள். 2018 பொது வாக்கெடுப்பில் 66 சதவீதத்துக்கு மேல் அதை ஆதரித்தார்கள். ஏதென்ஸ் வெளியே நிறுத்திய பெண்கள் இந்த 99 பேரில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பாடத்தை நீக்க வேண்டாம், திருத்தி எழுதச் சொல்லுங்கள். "தேர்தலைத் தந்தவர்கள்" என்ற வரியை அடித்துவிட்டு, அந்தக் கற்பலகையின் படத்தைப் போடட்டும். பதவியில் இருந்தவர் கணக்கு முடியும்வரை உயில்கூட எழுத முடியாது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கட்டும். அதே பக்கத்தில் லாரியம் சுரங்கமும் மெலோஸ் தீவும் வரட்டும்.