மகளின் துணுக்குக் கோப்பில் தேட வேண்டியது

கணினி அறிவியல் படிக்கும் மகளின் மடிக்கணினியில் ஒரு கோப்பு முழுக்க, அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்துச் சேர்த்த கோட் துணுக்குகள் இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள் அம்மா. சொந்தமாக எழுதத் தெரியாமல் காப்பி அடிக்கிறாளோ, இப்படிப் படித்தால் வேலை கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி.

அந்தக் கோப்பு இருப்பது நல்ல விஷயம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூடத் தேதியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வரியை மனப்பாடமாக வைத்திருப்பதில்லை, தேடித்தான் எடுக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கோப்பைத் திறந்து ஏதாவது ஒரு துணுக்கைக் காட்டி, "இது எப்போது தப்பாகப் போகும்?" என்று அவளிடம் கேளுங்கள். பதில் சரியா என்று சோதிக்க உங்களுக்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தயங்காமல் ஓர் உதாரணம் சொன்னால் அந்தத் துணுக்கு அவளுடையதாகிவிட்டது. விழித்தால், அது இன்னும் ஒட்டிவைத்த வரிதான். நேர்காணலிலும் இதே கேள்வி வேறு வார்த்தைகளில் வரும்.

இனி எழுதுவது அவளுக்கு. அவளிடம் காட்டுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் 10, 9, 1 என்ற பட்டியலைச் சும்மா 'சார்ட்' (sort, வரிசைப்படுத்தும் கட்டளை) செய்து பாருங்கள். 1, 10, 9 என்று வரும். நாம் ஒப்பிடும் முறையைச் சொல்லாதவரை அது எண்களையும் எழுத்துகளாக மாற்றித்தான் வரிசைப்படுத்தும். எல்லாமே ஒற்றை இலக்கமாக உள்ள பட்டியலில் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. அதேபோல 0.1 + 0.2 என்று கூட்டினால் பைதான் என்ற இன்னொரு நிரல் மொழியிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் 0.30000000000000004 கிடைக்கும். கணினி பின்னங்களை இரும எண்ணாக வைப்பதால் 0.1 அதற்குள் துல்லியமாக அடங்குவதில்லை. ஆகவே பணக் கணக்கில் மிகச்சிறிய அலகை முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பைதானின் 'டெசிமல்' தொகுதியைப் பயன்படுத்துங்கள்.

பைதான் செயல்கூறில் (function, பெயர் வைத்து அழைக்கும் கோட் தொகுப்பு) வெற்றுப் பட்டியலை இயல்பு மதிப்பாக, அதாவது நாம் எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாகக் கொடுக்கும் துணுக்குகள் நிறைய உலவுகின்றன. அந்தப் பட்டியல் செயல்கூறை வரையறுக்கும்போது ஒரே ஒருமுறைதான் உருவாகிறது. முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாம் அழைப்பிலும் உள்ளே உட்கார்ந்திருக்கும். 'நன்' (None, மதிப்பு இல்லை) என்று கொடுத்து, பட்டியலை உள்ளே உருவாக்குவதுதான் சரி.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. சொல்லைத் தலைகீழாக்கும் பிரபலமான ஒற்றை வரித் துணுக்கை இதில் ஓட்டினால் புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்கும், இகரக் குறி ழகரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சொற்களில் மட்டும் சோதித்து எழுதிய துணுக்குகள் இப்படித்தான் நம் மொழியில் உடைகின்றன. நிரலில் ஒரு கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) 'யுடிஎஃப்-8' என்று வெளிப்படையாகக் கொடுப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, கோப்பை எப்படி வைத்திருப்பது? ஒவ்வொரு துணுக்கின் மேலும் குறிப்பாக மூன்று வரி போதும்: எதற்காக, ஒரு மாதிரி உள்ளீடும் வெளியீடும், எங்கே உடையும். மூன்றாவது வரியை எழுத, வெற்றுப் பட்டியல், ஒரே ஓர் உறுப்பு, திரும்பத் திரும்ப வரும் மதிப்பு, தமிழ் எழுத்து என்று கொடுத்து நீங்களே உடைத்துப் பார்க்க வேண்டும். ஏஐ கருவி எழுதித் தந்ததற்கும் இதே சோதனைதான். அது சுத்தமாகத் தெரிவதால் இன்னும் கவனமாகச் செய்யுங்கள். முக்கியமாக, பயனர் தட்டிய சொல்லை எஸ்க்யூஎல் (SQL, தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) வாக்கியத்தோடு அப்படியே ஒட்டும் துணுக்கு எங்கிருந்து வந்தாலும் அதை எடுக்காதீர்கள். மதிப்புகளை வாக்கியத்தோடு கலக்காமல் தனி அளவுருக்களாக (parameters) அனுப்புங்கள். இதைத் தெரியாமல் செய்பவரை எந்த நல்ல குழுவும் தரவுத்தளத்தின் பக்கம் விடாது.

எடுத்த இடத்தின் சுட்டியையும் குறித்து வையுங்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும்.

அப்புறம், கோப்பை 'கிட்'டில் (Git, ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) வைத்துப் பொதுவில் போடலாம், வேலை தருபவர்கள் பார்க்கட்டும். போடுவதற்கு முன் கடவுச்சொல், ஏபிஐ சாவி (இணையச் சேவையை நிரலிலிருந்து பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) எதுவும் உள்ளே இல்லை என்று தேடிப் பாருங்கள். பிறகு அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்டுகளில் (கிட் சேமித்த முந்தைய பதிவுகளில்) அது அப்படியே இருக்கும். தவறிப் போட்டுவிட்டால் முதல் வேலையாக அந்தச் சாவியை ரத்து செய்து புதிதாக ஒன்று எடுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.