"சின்ன மாற்றம்தானே?" – ஸ்கோப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஒரு ப்ராஜெக்ட்டில் எதையெல்லாம் செய்வோம் என்று ஒப்புக்கொண்ட வேலையின் எல்லைதான் ஸ்கோப். அது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தாயிற்று, இப்போது அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்குத் தேவையான அளவு.

கேள்வி: ப்ராடக்ட் ஸ்கோப், ப்ராஜெக்ட் ஸ்கோப் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள்.

முடிவில் கிடைக்கும் பொருள் என்னவெல்லாம் செய்யும் என்பது முதலாவது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க நாம் செய்யவேண்டிய மொத்த வேலையும் இரண்டாவது. பயிற்சி, சோதனை, கையேடு, பழைய டேட்டாவைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுவது எல்லாம் இரண்டாவதில் வரும். தகராறும் பெரும்பாலும் அங்கேதான் வரும். எந்தத் திரையில் என்ன பட்டன் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பழைய பதிவுகளில் உள்ள பிழைகளை யார் திருத்துவது என்று ஒரு வரி எழுதுவதில்லை.

கேள்வி: எங்கள் ப்ராஜெக்ட் 3 மாதம் பின்தங்கிவிட்டது. ஸ்கோப் க்ரீப்தான் காரணமா?

கடிதம் இவ்வளவுதான். என்ன ப்ராஜெக்ட், எதில் கையெழுத்தானது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எதுவும் இல்லை. இதை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது.

நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒப்புதல் வாங்கிய நாளில் இருந்த டபிள்யூபிஎஸ்ஸை, அதாவது மொத்த வேலையையும் படிப்படியாகச் சிறு பகுதிகளாகப் பிரித்த பட்டியலை எடுங்கள். பக்கத்தில் இன்று அணி செய்துகொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலை வையுங்கள். ஒரு வேலை இன்றைய பட்டியலில் இருக்கிறது, பழையதில் இல்லை, அதற்கு ஒப்புதலும் இல்லை என்றால் அது ஸ்கோப் க்ரீப். இரண்டிலும் ஒரே வேலைதான், ஆனால் 10 நாள் என்று போட்டது 25 நாள் ஆகிறது என்றால் உங்கள் மதிப்பீடு தவறு. வேலை நின்றுகிடக்கிறது, யாரோ முடிவு சொல்லவில்லை என்றால் அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து. எல்லாத் தாமதத்தையும் ஸ்கோப் க்ரீப் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. பேஸ்லைன் (ஒப்புதல் பெற்ற மூலத் திட்டம்) இல்லாதவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே முடியாது. எதிலிருந்து நகர்ந்தது என்று காட்ட முதலில் ஒரு கோடு வேண்டும்.

கேள்வி: டபிள்யூபிஎஸ் எத்தனை நிலை இறங்கவேண்டும்?

நிலைகளை எண்ணாதீர்கள். கடைசியில் நிற்கும் வேலைப் பொதி சுமார் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், 80 மணி நேரத்துக்கு மிகாமல் இருந்தால் போதும். இது கைக்கணக்கு, சட்டம் அல்ல. அதைவிட முக்கியமானது 100 சதவீத விதி. கீழே உள்ளவற்றைக் கூட்டினால் மேலே உள்ளது முழுதாக வரவேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ப்ராஜெக்ட்டை நிர்வகிக்கும் வேலையும் அதற்குள் இருக்கவேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஸ்கோப் ஆவணம் 60 பக்கம் எழுதியிருக்கிறோம். ஆனாலும் "இதுவும் சேர்த்துதானே" என்கிறார்கள். என்ன விட்டுப்போனது?

எதைச் செய்யமாட்டீர்கள் என்பது விட்டுப்போயிருக்கும். "இதில் அடங்காதவை" என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஒரு பக்கம் மற்ற 60 பக்கங்களைவிட அதிகமாக உங்களைக் காப்பாற்றும். எழுதும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கும், கிளையண்ட் முகம் சுளிக்கலாம். அந்தப் பேச்சு தொடக்கத்திலேயே நடந்துவிடுவது நல்லது.

அப்புறம் ஆவணத்தில் "முதலியன", "தேவைக்கேற்ப", "எளிதாகப் பயன்படுத்தத்தக்க", "விரைவான" ஆகிய சொற்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு திறந்த கதவு. "விரைவான" என்று இருக்கும் இடத்தில் "500 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது 3 விநாடிக்குள்" என்று எழுதுங்கள். எண் எழுத முடியவில்லை என்றால் அந்தத் தேவை இன்னும் யாருக்கும் புரியவில்லை என்று பொருள். மதிப்பீடு போடுவதற்கு முன் போய்க் கேளுங்கள்.

கேள்வி: கிளையண்ட் தரப்பில் ஒருவர் எங்கள் டெவலப்பரை நேரடியாகக் கூப்பிட்டு, ஒரு ரிப்போர்ட்டில் ஒரு காலம் (நெடுவரிசை) சேர்க்கச் சொன்னார். அரை மணி நேர வேலை. செய்து கொடுத்துவிட்டோம். இதற்கெல்லாம் சேஞ்ச் ரிக்வெஸ்ட் (எழுத்தில் மாற்றக் கோரிக்கை) போட்டால் உறவு கெட்டுவிடாதா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே "அரை மணி நேரம்", அதே "உறவு". இரண்டையும் பார்ப்போம்.

முதலில் அந்த அரை மணி நேரம். ரிப்போர்ட்டில் ஒரு காலம் என்றால் அதில் காட்டும் மதிப்பு எங்கிருந்து வருகிறது? ஏற்கெனவே டேட்டாபேஸில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதைச் சேர்க்கவேண்டும். சேர்த்தால் யாரோ உள்ளிடவேண்டும், அதற்கு ஒரு திரை மாறவேண்டும். பழைய பதிவுகளில் அந்த இடம் காலியாக இருக்கும், அங்கே என்ன காட்டுவது? அந்த ரிப்போர்ட்டை வேறொரு சிஸ்டம் கோப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் காலம் ஒன்று கூடியதும் அங்கே உடையும். அந்த மதிப்பை எல்லோரும் பார்க்கலாமா என்று அனுமதிகளைச் சரிபார்க்கவேண்டும். டெஸ்ட் கேஸ் மாறும், கையேடு மாறும். டெவலப்பர் தட்டச்சு செய்த நேரம் அரை மணிதான். ப்ராஜெக்ட்டுக்கு ஆனது சுமாராக 2 நாள். இப்படி 20 மாற்றங்கள் வந்தால் 40 நாள், அதாவது ஒருவரின் 2 மாத உழைப்பு. அது எங்கே போனது என்று கேட்டால் உங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. அட்டவணையில் ஓட்டை இருக்கும், காரணம் இருக்காது. மேலே இருப்பவர்கள் அணி மந்தம் என்று முடிவு கட்டுவார்கள். வேலை செய்தவர்களுக்குக் கெட்ட பெயர். இதுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

அடுத்து, கேட்டவர் யார்? மாற்றத்தைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. ஒப்புக்கொள்ள அதிகாரம் ஒரு சிலருக்குத்தான் உண்டு. கூப்பிட்டுச் சொன்னவர் நாளைக்கு வேறு துறைக்குப் போய்விட்டால், அவருடைய மேலாளர் "இந்தக் காலத்தை யார் கேட்டது? எடுங்கள்" என்பார். எடுப்பதும் உங்கள் கணக்கில்தான் விழும். எழுத்தில் வாங்குங்கள், அதிகாரம் உள்ளவரிடம் வாங்குங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை.

இப்போது உறவு. பதிவு செய்வதால் உறவு கெட்டதாக நான் பார்த்ததில்லை. 8 மாதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசி மாதம் "கூடுதல் வேலைகளுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகையை நீட்டும்போதுதான் கெடுகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் விலை உண்டு என்று முன்பே தெரிந்திருந்தால் பாதியை அவர்களே கேட்டிருக்கமாட்டார்கள்.

அதற்காக ஒவ்வொரு நெடுவரிசைக்கும் குழு கூட்டவேண்டியதில்லை. மாற்றப் பதிவேட்டில் ஒரு வரி போதும். யார் கேட்டார், என்ன, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், முடிவு என்ன. எவ்வளவு வரை யார் முடிவு செய்யலாம் என்று தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலைவரை ப்ராஜெக்ட் மேனேஜர், 5 நாள்வரை ஸ்பான்சர் (ப்ராஜெக்ட்டுக்குப் பணம் ஒதுக்கும் பொறுப்பாளர்), அதற்கு மேல் மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு என்பது பல இடங்களுக்குப் பொருந்தும். மொத்த உழைப்பில் ஏறக்குறைய 10 சதவீதத்தை மாற்றங்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள், சின்னவை அதிலிருந்து கழியட்டும். வாரத்துக்கு ஒருமுறை மீதி எவ்வளவு என்று கிளையண்டுக்குக் காட்டுங்கள். இலவசமாகச் செய்ய விருப்பமா, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் "16 மணி நேரம், கட்டணம் இல்லை" என்று எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் டெவலப்பரைத் திட்டாதீர்கள். நல்ல மனசில் உதவியிருக்கிறார். நேரடியாகக் கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "சரி, இதை ரெண்டு வரி எழுதி அனுப்புங்கள், எங்கள் மேனேஜரிடம் காட்டி நாளைக்குள் சொல்கிறேன்." இந்த ஒரு வாக்கியத்தை அணி முழுவதும் பழகவேண்டும். "முடியாது" என்று அவர் சொல்லவேண்டியதில்லை, "ஆகட்டும்" என்றும் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: கேட்காமலே ஒரு டாஷ்போர்டு செய்து கொடுத்து கிளையண்டை அசத்தலாம் என்று நினைக்கிறோம்.

வேண்டாம். அதற்குப் பெயர் கோல்ட் பிளேட்டிங். இன்று கைதட்டல், நாளை அதில் பிழை வந்தால் திருத்தும் பொறுப்பு உங்களுடையது. அவ்வளவு நேரம் மிச்சம் இருந்தால் சோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் பிழை என்கிறோம், ஒப்பந்ததாரர் "இது புதுத் தேவை, சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடுங்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?

கையெழுத்தான தேவை ஆவணம் சொல்வதுதான் சரி. அது சொன்னதற்கு மாறாக நடந்தால் பிழை. அது ஒன்றுமே சொல்லவில்லை என்றால் மாற்றம். இரண்டு விதமாகவும் படிக்க முடிகிறது என்றால் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், தீர்ந்ததும் ஆவணத்தைத் திருத்துங்கள். கடைசிப் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அமெரிக்காவின் எஃப்பிஐ, வழக்குக் கோப்புகளுக்காக விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்ற மென்பொருளைச் செய்யக் கொடுத்தது. தேவை ஆவணம் மட்டும் 800 பக்கத்துக்கு மேல். 2003 டிசம்பரில் மென்பொருள் கைக்கு வந்ததும் 17 குறைகள் என்று எஃப்பிஐ ஏற்க மறுத்தது. பிரித்துப் பார்த்தபோது 59 சிக்கல்கள். பிழையா மாற்றமா என்று இதே சண்டை, நடுவரிடம் போனது. 19 சிக்கல்கள் எஃப்பிஐ செய்த தேவை மாற்றங்கள், மீதி 40 ஒப்பந்ததாரரின் பிழைகள் என்று அவர் சொன்னார். சுமார் 17 கோடி டாலர் செலவான பின் 2005இல் அந்தப் ப்ராஜெக்ட்டையே கைவிட்டார்கள். ஆவணம் தடிமனாக இருந்தும் இரண்டு தரப்பும் அதை ஒரே மாதிரி படிக்கவில்லை. ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில், எப்படிச் சோதித்தால் ஏற்றுக்கொள்வோம் என்று ஒரு வரி எழுதிவைத்தால் இந்தச் சண்டையில் முக்கால்வாசி வராது.

கேள்வி: நாங்கள் வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் வேலை செய்கிறோம். ஸ்கோப் கட்டுப்பாடு எங்களுக்குத் தேவையில்லை அல்லவா?

தேவை. மாற்றத்தை வரவேற்பது என்றால் கேட்டதையெல்லாம் நுழைப்பது என்று யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று) இலக்கைக் கெடுக்கும் மாற்றத்தை நடுவில் செய்யக்கூடாது என்று ஸ்க்ரம் வழிகாட்டியே சொல்கிறது. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கின் வரிசைக்கு ப்ராடக்ட் ஓனர் (எது முதலில் என்று முடிவு செய்பவர்) ஒருவரே பொறுப்பு. தேதியும் அணியும் மாறாது என்றால், 8 புள்ளி (அணி போடும் வேலை அளவு) வேலை உள்ளே வரும்போது அதே அளவு வேலை வெளியே போகவேண்டும். எது போகிறது என்று அன்றே சொல்லவேண்டும், எழுதியும் வைக்கவேண்டும்.

கேள்வி: கட்டுமானப் பணி. இஞ்சினியர் தளத்தில் வாய்மொழியாக ஒரு மாற்றம் சொல்லிவிட்டுப் போகிறார். எழுத்தில் கேட்டால் "அப்புறம் தருகிறேன்" என்கிறார்.

அவர் எழுதித் தரும்வரை காத்திருக்காதீர்கள், நீங்கள் எழுதுங்கள். கட்டுமான ஒப்பந்தங்களுக்கான சர்வதேச மாதிரி நிபந்தனைகளான ஃபிடிக் ரெட் புக் 1999 பதிப்பில் இதற்கு வழி இருக்கிறது. வாய்மொழி உத்தரவு வந்து 2 வேலை நாளுக்குள் நீங்கள் அதை எழுத்தில் உறுதிசெய்து அனுப்பவேண்டும். கிடைத்ததிலிருந்து 2 வேலை நாளுக்குள் அவர் மறுப்போ எழுத்து உத்தரவோ தரவில்லை என்றால் உங்கள் கடிதமே எழுத்து உத்தரவு ஆகிவிடும். கூடுதல் பணமோ நாளோ கோருவதாக இருந்தால் 28 நாளுக்குள் அறிவிப்பு கொடுக்கவேண்டும். தவறினால் உரிமையே போய்விடும். உங்கள் ஒப்பந்தம் ஃபிடிக்தானா, எந்தப் பதிப்பு, சிறப்பு நிபந்தனைகளில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: ஸ்கோப் முடிவாவதற்கு முன்பே வேலையைத் தொடங்கச் சொல்கிறார் எங்கள் தலைவர்.

சிட்னி ஓபரா ஹவுஸை அப்படித்தான் தொடங்கினார்கள். 1959இல் அடித்தளம் கட்ட ஆரம்பித்தபோது கூரையை எப்படிக் கட்டுவது என்றே முடிவாகவில்லை. முடிவானபோது, ஏற்கெனவே எழுப்பிய தூண்கள் அந்தக் கூரையைத் தாங்காது என்று தெரிந்தது. அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட கட்டடம் 10 கோடியைத் தாண்டி 1973இல் திறந்தது. காரணங்கள் பல, ஆனால் இந்த அவசரமும் அதில் ஒன்று.

தொடங்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஸ்கோப் எப்படி முடிந்தாலும் மாறாத பகுதிகளை மட்டும் தொடங்குங்கள். மற்றவை திரும்பச் செய்யவேண்டி வரலாம், அதற்கு இவ்வளவு ஆகும் என்று தலைவருக்கு எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

கேள்வி: சேஞ்ச் ரிக்வெஸ்ட் படிவம் ஒன்று அனுப்ப முடியுமா?

அனுப்பமாட்டேன், வேறொருவர் படிவத்தில் பாதிக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஒரு பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். வரிசை எண், கேட்டவர், தேதி, என்ன மாற்றம், ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும், நேரம், பணம், தரம், ஆபத்து ஆகியவற்றில் என்ன விளைவு, யார் முடிவு செய்தார், என்ன முடிவு. ஒப்புதலானால் பேஸ்லைனையும் அன்றே திருத்துங்கள். நிராகரித்த கோரிக்கைகளையும் காரணத்தோடு பதிவேட்டில் வைத்திருங்கள். 3 மாதம் கழித்து அதே கோரிக்கை வேறொருவர் பெயரில் வரும்.