'ஃபங்கல் புராஸ்டேட்டைடிஸ்' என்று மட்டும் சார்ட்டில் இருந்தால் எந்தக் கோடு போடுவது?

அமெரிக்க யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவம்) சார்ட், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவு, ஒன்றில் 'ஃபங்கல் புராஸ்டேட்டைடிஸ்' (பூஞ்சையால் வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கம்) என்று ஒரே வரி இருக்கிறது, அதற்கு என்41.9 (N41.9, வகை குறிப்பிடாத புராஸ்டேட் வீக்கம்) என்ற நோய்க் குறியீட்டுக் கோடு (code) போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்தத் தவறைச் செய்து திருத்திக்கொண்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் யூராலஜிக்கு வந்த புதிதில் ஒரு சார்ட்டில் 'காக்ஸி புராஸ்டேட்டைடிஸ், ஃப்ளூகொனசோல் தொடரவும்' என்று இருந்தது. காக்ஸி என்றதும் உருண்டை வடிவ பாக்டீரியா என்று எடுத்துக்கொண்டு, என்41.1 (நாள்பட்ட புராஸ்டேட் வீக்கம்), கூடவே பாக்டீரியாவைக் குறிக்கும் பி95 (B95) வரிசையில் ஒரு கோடு என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஆடிட் பார்த்த அக்கா திருப்பி அனுப்பினார். "ஃப்ளூகொனசோல் எதுக்குக் கொடுப்பாங்க?" என்ற ஒரு கேள்விதான் கேட்டார். அது பூஞ்சைக்கான மருந்து. அரிசோனா, கலிபோர்னியா பக்கத்து மருத்துவர்கள் காக்ஸிடியோய்டோமைகோசிஸ் என்ற நீளமான பெயரைச் சுருக்கி 'காக்ஸி' என்றே எழுதுவார்கள். பாக்டீரியாவுக்கும் எழுத்துக்கூட்டல் அதேதான். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மருந்து வரியைப் படித்தால்தான் பிடிபடும்.

வேலி ஃபீவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே நோய்தான். வறண்ட மண்ணில் இருக்கும் பூஞ்சை, தூசியோடு மூச்சில் போய் நுரையீரலில் உட்காரும். பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே முடிந்துவிடும். மிகச் சிலருக்குத்தான் தோல், எலும்பு, மூளை உறை என்று பரவும். புராஸ்டேட்டுக்குப் போவது அதிலும் அரிது. அதனால் யாரும் அதைத் தேடிப் போவதில்லை. பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) ஏறியிருக்கிறது, புற்றுநோயாக இருக்குமோ என்று பயாப்ஸி எடுப்பார்கள், அல்லது அடைப்புக்காகச் சுரண்டி எடுத்த திசுவை லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே கிரானுலோமாவும் (அழற்சி முடிச்சு), அதற்குள் குட்டி எண்டோஸ்போர்கள் (பூஞ்சையின் வித்துகள்) அடைந்த ஸ்ஃபெரூல்களும் (பூஞ்சையின் உருண்டைப் பைகள்) தென்படும்.

இனி கோடு. நோய்க் கோடுகளின் அமெரிக்கப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் இதற்கென்றே ஒரு கோடு இருக்கிறது: பி38.81, புராஸ்டேட்டிக் காக்ஸிடியோய்டோமைகோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பி38.8 என்பதோடு நின்றுவிடும். கடைசி 1 அமெரிக்கப் பதிப்பில் சேர்த்தது. இன்டெக்ஸில் 'புராஸ்டேட்டைடிஸ்' என்று தேடினால் என்41 பக்கம்தான் போய் நிற்பீர்கள். பூஞ்சையின் பெயரில் தேடி, அதன் கீழ் புராஸ்டேட்டுக்கு வந்தால்தான் பி38.81 கிடைக்கும். என்41-இன் கீழ் கிருமிக்குக் கூடுதல் கோடு போடச் சொல்லும் குறிப்பு பி95 முதல் பி97 வரைதான் காட்டும். அவை பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் உரியவை, பூஞ்சைக்கு அங்கே இடமில்லை.

மற்ற பூஞ்சைகளுக்கு இந்த வசதி கிடையாது. கேண்டிடா என்றால் பி37.49. கிரிப்டோகாக்கஸ் என்றால் பி45.8, பிளாஸ்டோமைகோசிஸ் என்றால் பி40.89 என்று 'இதர வடிவங்கள்' பக்கம் போக வேண்டியிருக்கும். உறுப்பைக் காட்ட என்51 (வேறு நோயால் ஆண் பிறப்புறுப்புகளில் வரும் கோளாறு) சேர்க்கலாம், ஆனால் அது ஒருபோதும் முதலில் வராது; அடிப்படை நோயை முதலில் போடு என்ற குறிப்பு அங்கேயே இருக்கிறது. பூஞ்சை எது என்றே தெரியாவிட்டால் பி49 இருக்கிறது, சரி. ஆனால் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்காமல் அங்கே போகாதீர்கள்.

பாத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில்தான் பூஞ்சையின் பெயர் இருக்கிறதே, எடுத்துப் போட்டால் என்ன என்று தோன்றும். அவுட்பேஷண்ட் (வெளிநோயாளி) என்றால், பாத்தாலஜிஸ்ட் உறுதிசெய்து எழுதி, கோடு போடும் நேரத்தில் ரிப்போர்ட்டும் கையில் இருந்தால் போடலாம். இன்பேஷண்ட் (உள்நோயாளி) என்றால் முடியாது. சிகிச்சை தரும் மருத்துவர் அதைத் தன் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்ற சொற்களில் விதி தலைகீழ்: இன்பேஷண்டில் டிஸ்சார்ஜ் வரை அப்படியே இருந்தால் நோய் உள்ளதாகவே கோடு போடலாம், அவுட்பேஷண்டில் கூடாது. அங்கே பிஎஸ்ஏ உயர்வு (ஆர்97.20) போல உறுதியானதை மட்டும்தான் போட முடியும். எச்ஐவி உள்ளவர் இந்தத் தொற்றுக்காகவே அட்மிட் ஆகி, இரண்டுக்கும் தொடர்பு பதிவாகியிருந்தால் எச்ஐவி நோய்க்கான பி20 முன்னால் வரும்.

ஒரு கோட்டுக்கு இவ்வளவு பாடா என்று நினைக்க வேண்டாம். கிரிப்டோகாக்கஸ் மூளையில் அடங்கிய பிறகும் புராஸ்டேட்டில் பதுங்கியிருந்து, நோய் திரும்ப வரக் காரணமாகலாம். சார்ட்டில் வெறும் என்41.9 நின்றால், அடுத்த முறை அவரைப் பார்க்கும் மருத்துவர் சாதாரண வீக்கம் என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துவிடுவார். அரிதான நோய் என்பதால்தான் எனக்கு இதில் பிடிவாதம். இத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கே நாம் போடும் கோடுகளில் இருந்துதான் எழுகிறது.

ஆகவே மருத்துவருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) அனுப்புங்கள். 'இது காக்ஸிடியோய்டோமைகோசிஸ் தானே?' என்று பதிலை ஊட்டிக் கேட்கக் கூடாது. நான் எழுதுவது இப்படி: 'இந்தத் தேதியிட்ட பாத்தாலஜி ரிப்போர்ட்டில் கிரானுலோமாவும் ஸ்ஃபெரூல்களும் குறிப்பிடப்பட்டுள்ளன. நோயாளிக்கு ஃப்ளூகொனசோல் தரப்படுகிறது. இந்தச் சிகிச்சைக்குக் காரணமான நோயையும், தெரிந்திருந்தால் கிருமியையும், பாதித்த உறுப்புகளையும் தயவுசெய்து பதிவு செய்யவும்.' பதில் வரும்வரை சார்ட்டை ஹோல்டில் வையுங்கள்.