பழம் போட்ட பியர் ஏன் இப்படிப் புளிக்கிறது?

மச்சான் பெல்ஜியத்தில் இருந்து கொழும்புக்குக் கொண்டுவந்த செர்ரி பியர் புளிக்கிறது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போத்தலில் 'ஊட் கிரீக்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

அது லாம்பிக் பியரில் புளிப்புச் செர்ரி ஊறப்போட்டது. லாம்பிக் என்றால் தானாகப் புளிக்கவிடும் பியர்: பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் குளிர்காலத்தில் காய்ச்சி, அகன்ற தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். ஈஸ்ட் போடுவதில்லை, காற்றிலும் பீப்பாயிலும் இருப்பதே போதும். நம்முடைய கள்ளும் முட்டியில் தானாகத்தானே நுரைக்கிறது? ஆனால் கள் ஒரு நாளில் புளித்துவிடும். இது ஓக் பீப்பாயில் 1 முதல் 3 வருடம் கிடக்கும். அதற்குள் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிவிடும். பழத்தின் சீனியையும் ஈஸ்ட் தின்றுவிடுவதால் நிறமும் வாசமும் மிஞ்சும், இனிப்பு மிஞ்சாது.

குடிக்கும்போது ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். நம்மூர்ச் சூட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம். முதல் மிடறு முகத்தைச் சுளிக்க வைக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது: செர்ரிக் கொட்டையின் பாதாம் வாசம், பின்னால் லேசாக மாட்டுக்கொட்டில் வாசம் (உண்மையாகவே, அது நல்ல அடையாளம்), கடைசியில் நெல்லிக்காய் கடித்த மாதிரி நாக்கை இழுக்கும் துவர்ப்பு. வினாகிரி மாதிரி மூக்கில் ஏறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், காலிமுகத்திடல் இறால் வடை இரண்டு வாங்கி வையுங்கள். எண்ணெய்க்கு இந்தப் புளிப்பு நன்றாகப் பொருந்தும்.