சிலி ஏன் மெர்கோசூரில் முழுசாகச் சேரவில்லை?

கேள்வி: பழக்கடையில் ஆப்பிள், கிவி மேலே 'சிலி' ஸ்டிக்கரைப் பார்க்கிறேன். உலகம் முழுக்க வர்த்தக ஒப்பந்தம் போட்டிருக்கும் அந்த நாடு, பிரேசில், அர்ஜென்டினா போன்ற பக்கத்து நாடுகளின் மெர்கோசூர் வர்த்தகக் கூட்டமைப்பில் மட்டும் ஏன் முழு உறுப்பினர் ஆகவில்லை? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சேர்ந்தால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும், அதனால்தான். மெர்கோசூர் நாடுகள் வெளிச்சரக்குக்கு ஒரே சுங்கவரி வைக்க வேண்டும், வெளியாரோடு பேசுவதென்றாலும் கூட்டாகத்தான் பேச வேண்டும். சிலியோ தொண்ணூறுகளில் 11 சதவீதமாக இருந்த பொது இறக்குமதி வரியை வருஷத்துக்கு ஒரு புள்ளியாக இறக்கி 2003-இல் 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்த நாடு, அதைப் பிரேசிலுக்காக மறுபடி ஏற்றுமா? 1996-இல் இணை உறுப்பினரானதோடு நிறுத்திக்கொண்டு தன் வழியில் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2002-இல் கையெழுத்திட்டு மறு வருஷமே வர்த்தகப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. மெர்கோசூர் அதே ஒன்றியத்தோடு 1999-இல் பேச ஆரம்பித்து, 2019-லும் 2024-லும் இரண்டு தடவை 'பேச்சு முடிந்தது' என்று அறிவிக்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் சிலி எடுத்தது சரியான முடிவு.

ஆனால் 'தடையற்ற வர்த்தகம்' என்ற பேரை வைத்து எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2004 ஏப்ரலில் அமலுக்கு வந்த தென்கொரிய ஒப்பந்தத்தைப் பாருங்கள், கொரியாவுக்கு அதுதான் முதல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். அங்கே விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், நாடாளுமன்ற ஒப்புதல் தள்ளிக்கொண்டே போனது. இத்தனைக்கும் கொரியா அரிசி, ஆப்பிள், பேரிக்காயை ஒப்பந்தத்துக்கு வெளியே வைத்திருந்தது, பதிலுக்குச் சிலி ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் வெளியே வைத்திருந்தது. திராட்சைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும்தான் வரிச்சலுகை, அதாவது கொரியத் தோட்டங்களில் பழம் இல்லாத மாதங்களில். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சிலியில் அறுவடையே அப்போதுதான், இரண்டு பக்கமும் பிழைத்தது.

கேள்வி: இத்தனை ஒப்பந்தம் போட்டும் சிலி இன்னும் தாமிரத்தை நம்பித்தானே இருக்கிறது? (வாசகி, ஈரோடு)

பதில்: ஆமாம், ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய பாதி இன்னும் தாமிரம்தான். ஒப்பந்தம் சந்தையைத் திறந்துவிடும், விற்க என்ன இருக்கிறது என்பதை அது மாற்றாது. 2006-இல் சீனாவோடு ஒப்பந்தம் அமலானபின் செர்ரி விளைச்சல் எங்கேயோ போய்விட்டது உண்மை, ஆனால் அந்தச் செர்ரியில் பெரும்பகுதி சீனாவுக்கே போகிறது, அங்கே விலை சரிந்தால் சிலியில் தோட்டக்காரர் தலையில் துண்டு. எனக்கு இதுதான் கவலை.

அப்புறம், இந்தியாவோடு 2006-இல் கையெழுத்தானது சில பொருள்களுக்கு மட்டும் சலுகை தரும் ஒப்பந்தம். 2017-இல் விரிவாக்கியபோது சிலி 1,798 வகைப் பொருள்களுக்கும் இந்தியா 1,031 வகைக்கும் சலுகை தந்தன. அதைவிடப் பெரிய ஒப்பந்தத்துக்கு எதையெல்லாம் பேசுவது என்ற வரையறை ஆவணம் 2025 மே மாதம் கையெழுத்தாயிற்று. இந்தியாவுக்குக் கண் சிலியின் தாமிரம், லித்தியம் மேல்.