சீனி இருக்கும் கர்ப்பிணிக்கு விற்றமின் மாத்திரை வேண்டுமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். இப்போது 28 வாரம். சீனி கூடியிருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். கொழும்பிலிருந்து நாத்தனார் விற்றமின் சி, ஈ மாத்திரை அனுப்பியிருக்கிறார். சீனி செய்யும் கெடுதலை அது எடுத்துவிடும், பிரஷரும் வராது என்கிறார். குடிக்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. போத்தலைத் திறக்காமல் அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) காட்டுங்கள்.

நாத்தனார் சொன்னதில் பாதி சரி. இரத்தத்தில் சீனி ஏறினால், செல்களுக்குள் ஃப்ரீ ரேடிக்கல் என்ற அரிக்கும் துகள்கள் அளவுக்கு மேல் உண்டாகும். சி, ஈ இரண்டும் அவற்றை அடக்கக்கூடியவை. தோட்டத்து மருத்துவமாதுவாக இருந்த காலத்தில் நானும் அதை நம்பி, சீனியோடு கர்ப்பமாயிருந்த என் தங்கைக்கு ஹட்டனில் ஈ கெப்சியூல் வாங்கிக் கொடுத்தேன். எட்டாம் மாதம் அவளுக்குப் பிரஷர் ஏறத்தான் செய்தது.

அப்புறம் பிரிட்டனில் முறையாகச் சோதித்தார்கள். தினமும் சி 1000 மில்லிகிராம், ஈ 400 அலகு. 2006இல் வெளியான ஆய்வில் பிரஷர் வரும் ஆபத்துள்ள சுமார் 2,400 கர்ப்பிணிகள். சீனி உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். 2010இல் டைப் 1 சீனி, அதாவது இன்சுலின் ஊசியில்லாமல் முடியாத வகைச் சீனி, உள்ள 762 பேர். இரண்டிலும் மாத்திரை பிரஷரைத் தடுப்பதாகத் தெரியவில்லை. முதல் ஆய்வில், மாத்திரை குடித்தவர்களுக்கு நிறை குறைந்த பிள்ளைகள் கூடுதலாகப் பிறந்தன. லயத்து வீடுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளை எத்தனையோ தூக்கியவள் நான். எனக்கு அதுதான் பயம்.

கிளினிக்கில் தரும் மாத்திரைகளை மட்டும் நிறுத்தாதீர்கள். அதிலுள்ள விற்றமின் சி சின்ன அளவு. இரும்பு உடம்பில் சேருவதற்காகத் தருவது. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், சாயம் இரும்பைச் சேரவிடாது. கல்சியத்தை வேறு நேரத்தில் குடியுங்கள்.

ஃப்ரீ ரேடிக்கல் செய்யும் கெடுதலைக் குறைக்க இரத்தத்தில் உள்ள சீனியைத்தான் இறக்க வேண்டும். இரத்தச் சோதனையில் (mg/dL கணக்கில்) சாப்பிடுமுன் 95க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணித்தியாலத்தில் 120க்குக் கீழே. தேத்தண்ணியில் சீனி வேண்டாம். காலையில் மூன்று கோதுமை ரொட்டி சாப்பிடுகிறவர் என்றால் ஒன்றரையாக்கி, பருப்பும் முட்டையும் வல்லாரைச் சம்பலும் கூட்டுங்கள். டொக்டர் இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். அது பிள்ளைக்குப் போகாது.

விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி, இதில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலையில் நிற்கும்போது வந்தால் அரைப்பேரோடு (அரைநாள் கணக்கோடு) இறங்கிவிடுங்கள், கொழுந்து நிறுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.